அக்னிப் பிரவேசம்

த. ஜெயகாந்தன் எழுதி 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த சிறுகதை. பாலியல் வன்முறைக்கு ஆளாகி வீடு திரும்பும் மகளை ஒரு தாய் எப்படி ஏற்றுக்கொள்கிறாள் என்பதே இதன் பொருள். இதிலிருந்து கிளைத்த நாவல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1977-இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது.

மழை கொட்டும் மாலையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் ஒரு கல்லூரிப் பெண், காரில் வந்த இளைஞன் வற்புறுத்தி அழைக்க, ஏறிக்கொள்கிறாள். காருக்குள் நடப்பதைத் தடுக்கும் வழி அவளுக்குத் தெரியவில்லை. நனைந்து நடுங்கி வீடு வருகிறாள். பல குடித்தனங்கள் நெருங்கி வாழும் வீடு அது. அம்மா விதவை. விஷயம் புரிந்ததும் முதலில் அலறிவிடுகிறாள். சத்தம் கேட்டு அண்டையில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கணத்தில்தான் கதை திரும்புகிறது. மழையில் நனைந்துவிட்டு வந்ததற்காகத் திட்டுவதாக ஒரு பொய்யைச் சொல்லி, அம்மா அவர்களை அனுப்பிவிடுகிறாள். பிறகு மகளை உட்காரவைத்துக் குடம் குடமாகத் தண்ணீரைத் தலையில் கொட்டுகிறாள். இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய், உன் மேல் எந்தக் கறையும் இல்லை என்று சொல்லித் தலை துவட்டுகிறாள்.

தலைப்பு யுத்த காண்டத்துச் சீதையை நினைவூட்டுகிறது. அங்கே கணவனுக்கும் ஊருக்கும் முன்னால் தன் தூய்மையை அவளே நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கே நிரூபணம் கேட்க யாரும் இல்லை. தீர்ப்பு வழங்கும் அதிகாரத்தைத் தெருவிடமிருந்து பறித்துத் தன் கையில் எடுத்துக்கொண்டாள் ஒரு படிக்காத தாய். இந்த ஒரு காரியத்துக்காகவே இக்கதையைத் தமிழின் மிகத் துணிச்சலான கதைகளுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும்.

கதை வெளிவந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. கெட்டுப்போனவளை எப்படிக் குளிப்பாட்டி உள்ளே சேர்ப்பது என்று கேட்டார்கள். முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பெண் ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, அப்படியானால் அவளும் இசைந்தாள் என்றுதானே பொருள் என்ற கேள்வியும் எழுந்தது. உடலால் எதிர்க்காததை மட்டும் வைத்து அதைச் சம்மதமாகக் கருதக்கூடாது என்று இந்தியச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது 2013-இல்தான்.

ஜெயகாந்தன் தந்த பதில் ஒரு நாவல். ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் தினமணி கதிரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமாகி, 1972-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் கூச்சலை மட்டுமே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அதன் தொடக்கப் புள்ளி. சிறுகதையில் பெயரில்லாமல் இருந்தவளுக்கு இங்கே கங்கா என்று பெயர். அம்மா கனகம் அலறிய அலறலில் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடுகிறது. அண்ணன் கணேசன் அவளை வீட்டைவிட்டு விரட்டுகிறான். தாய்மாமன் வெங்கட்ராம ஐயர் அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கிறார், ஆனால் அந்த உதவியின் நிழலில் அவரே அவளிடம் கைவைக்கப் பார்க்கிறார். கங்கா படித்து நல்ல வேலைக்கு வந்த பிறகும், நீ எவனுக்கும் மனைவியாக முடியாது என்பதே அவருடைய சாஸ்திரம். ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக ‘அக்னிப் பிரவேசம்’ நாவலுக்குள்ளேயே வருகிறது. தன் கதையையும், தனக்குக் கிடைக்காத ஓர் அம்மாவையும் கங்கா பத்திரிகையில் படிக்கிறாள். மகளைப் பெற்றவர்களை இன்றும் உலுக்கும் இடம் அது.

பிறகு அவள் காரில் வந்த பிரபு என்ற அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்கு மனைவி பத்மாவும் மகள் மஞ்சுவும் இருக்கிறார்கள். குற்றம் செய்தவனின் வீட்டுக்குள்ளும் நாவல் நுழைந்து பார்க்கிறது.

ஏ. பீம்சிங் இயக்கிய படத்தில் லட்சுமி கங்காவாகவும், ஸ்ரீகாந்த் பிரபுவாகவும், ஒய்.ஜி. பார்த்தசாரதி மாமாவாகவும், நாகேஷ் எழுத்தாளராகவும் நடித்தார்கள். லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

இதே சிக்கலில் வேறொரு தாயும் மகளும் நின்ற கதை ஒன்றும் உண்டு. அதே 1977-இல், அக்டோபர் 16 அன்று, அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்ற நகைச்சுவைத் தொடர் ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதியை ஒளிபரப்பியது. எடித் என்ற குடும்பத் தலைவியின் 50-ஆவது பிறந்தநாளன்று, போலீஸ்காரன் என்று சொல்லி வீட்டுக்குள் வந்தவன் அவளைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். அடுப்பில் கருகிய கேக்கை அவன் முகத்தில் அப்பிவிட்டு எடித் தப்பிக்கிறாள். பின்பாதி முழுவதும் குடும்பத்தின் கதை. போலீசுக்குப் போகவேண்டாம் என்கிறார் கணவர் ஆர்ச்சி. எடித்தும் வாய் திறக்க மறுக்கிறாள். மகள் குளோரியா விடவில்லை. 1973-இல் வந்த ஒரு பகுதியில், நீதிமன்றத்தில் கேள்விகளால் துளைப்பார்கள் என்று பயந்து, அவள் மீதான தாக்குதலையே இதே குடும்பம் புகார் செய்யாமல் விட்டிருந்தது. இப்போது வாக்குவாதம் முற்றி அம்மா மகளை அறைந்துவிடுகிறாள். அந்த அறையில்தான் எடித்தின் இறுக்கம் உடைகிறது. புகார் கொடுக்கச் சம்மதிக்கிறாள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. ஜெயகாந்தனின் இரண்டு தாய்மார்களுக்கும் போலீஸ் என்ற நினைப்பே வரவில்லை. ஒருத்தி மறைத்துக் காப்பாற்றினாள், மற்றவள் கத்திக் கெடுத்தாள், இரண்டிலும் காரோட்டி வந்தவன் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தான். மறைத்த தாய்மேல் குறை சொல்ல மனம் வரவில்லை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கிய சட்டம்கூட 1983-இல்தான் வந்தது. 1966-இல் காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் கனகத்தின் அலறலைவிடப் பெரிய அலறலாக அது ஊரைச் சுற்றியிருக்கும்.

இன்று நிலைமை வேறு. பெண் 18 வயதுக்கு உட்பட்டவள் என்றால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும். கதையின் மிக அழகான செயலான அந்தக் குளியலைத்தான், தடயம் அழிந்துவிடும் என்பதால், பரிசோதனை முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். குளித்துவிட்டாலும் புகார் கொடுக்கத் தடையில்லை. தாய் சொன்ன சொல்லுக்கு மட்டும் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அதை அன்றே, அந்த நிமிடமே சொல்லலாம்.

பின்வந்த தமிழ்த் திரை இந்தத் தாயை அதிகம் பின்பற்றவில்லை. 1989-இல் வந்த ‘புதிய பாதை’யில், கெடுத்தவனையே தேடிப் போய் அவனோடு வாழ்ந்து திருத்துகிறாள் கதாநாயகி, அப்படமும் தேசிய விருது பெற்றது. 1993-இல் தொடங்கிய சன் டிவியும், அதையடுத்து வந்த சேனல்களும் குடும்பத்தையே களமாக்கி ஆயிரக்கணக்கான மணி நேர நெடுந்தொடர்களைத் தந்திருக்கின்றன. கூடத்தில் தாயும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் நேரம் அது. குளோரியாவும் எடித்தும் பேசியதைப் போன்ற ஒரு பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தமிழில் இல்லை.

2022-இல் கௌதம் ராமச்சந்திரன் இயக்கத்தில் சாய் பல்லவி நடித்த ‘கார்கி’ கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்டது. சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருக்கும் அப்பா, ஒரு சிறுமிக்கு இழைத்த கொடுமைக்காகக் கைதாகிறார். அவர் நிரபராதி என்று நம்பி மகள் கோர்ட் படியேறி அலைகிறாள். உண்மை தெரிந்த பின் அந்த மகள் நிற்கும் இடம் தன் வீட்டுப் பக்கம் இல்லை, அந்தச் சிறுமியின் பக்கம்.