எதேச்சாதிகாரமும் முழுச் சர்வாதிகாரமும்

தேர்தல் இல்லை, எதிர்க்கட்சி இல்லை, பத்திரிகைச் சுதந்திரம் இல்லை என்றால் அந்த ஆட்சியைச் சர்வாதிகாரம் என்று சொல்வது வழக்கம். ஆனால் அரசியல் அறிஞர்கள் இதிலும் இரண்டு வகை காண்கிறார்கள்.

முதலாவது எதேச்சாதிகாரம். இதற்கு வேண்டியது கீழ்ப்படிதல் மட்டுமே. அரசியலில் தலையிடாதவரை மதம், வணிகம், குடும்பம் ஆகியவை ஓரளவு தம் போக்கில் இயங்கலாம். இரண்டாவது முழுச் சர்வாதிகாரம். இதில் பள்ளி, தொழிற்சங்கம், கலை, விளையாட்டு என எல்லாமே ஒரே கட்சியின் கீழ் வந்தாக வேண்டும். மக்கள் வாய்மூடி இருந்தால் போதாது, கைதட்டவும் வேண்டும்.

இந்த இரண்டாவது வகையைக் குறிக்கும் 'டோட்டலிடேரியன்' என்ற சொல் பிறந்தது இத்தாலியில். 1923-ல் முசோலினியின் ஆட்சியைக் கண்டிக்க ஜியோவன்னி அமெண்டோலா இதைப் பயன்படுத்தினார். 1925-ல் முசோலினியே அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் சொல் பிறந்த நாட்டில் அது முழுமை பெறவில்லை. மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் பதவியில் நீடித்தார். கத்தோலிக்கத் திருச்சபையுடன் முசோலினி 1929-ல் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் நிலைமை வேறு. 1933 ஜூலையில் நாஜிக் கட்சி தவிர மற்ற கட்சிகள் தடை செய்யப்பட்டன. 1934 ஆகஸ்டில் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் இறந்ததும் அந்த அதிகாரமும் ஹிட்லரிடம் சேர்ந்தது. இராணுவ வீரர்கள் நாட்டின் பெயரால் அல்ல, ஹிட்லரின் பெயராலேயே உறுதிமொழி எடுத்தனர்.

இதன் விளைவு போரின்போது தெரிந்தது. 1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. பாசிசப் பெருங்குழுவில் 19 பேர் முசோலினிக்கு எதிராக வாக்களித்தனர். ஜூலை 25 அன்று மன்னர் அவரைப் பதவி நீக்கினார். உடனே கைதும் செய்யப்பட்டார். பின்னர் ஜெர்மானியர்கள் அவரை மீட்டு வட இத்தாலியில் ஒரு பொம்மை அரசை அமைத்தது தனிக்கதை. ஹிட்லரை நீக்கவோ அப்படி ஒரு மன்னரோ குழுவோ இல்லை. 1944 ஜூலை 20 அன்று சில அதிகாரிகள் வெடிகுண்டை நாடினார்கள், அதுவும் தோற்றது. நாடே அழிந்த பிறகுதான், 1945-ல், அந்த ஆட்சி முடிந்தது.

இதனால் முசோலினியின் ஆட்சி மென்மையானது என்று பொருளல்ல. அமெண்டோலாவே பாசிசக் குண்டர்களால் தாக்கப்பட்டு 1926-ல் இறந்தார். 1938-ல் யூதர்கள் பள்ளிகளிலிருந்தும் அரசு வேலைகளிலிருந்தும் விரட்டப்பட்டனர்.

ஆக, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொடுமையின் அளவில் இல்லை. தலைவனின் பிடிக்கு வெளியே ஏதேனும் ஓர் அமைப்பு மிஞ்சியிருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. அப்படி ஒன்று மிஞ்சியிருந்தால், திரும்பி வர ஒரு வழியும் மிஞ்சியிருக்கும்.