கண்டி தந்த நாவலும் பெண்கல்வியும்

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கதைத் தலைவி ஞானாம்பாளை ஆண்வேடம் பூண்டு அரசாளச் செய்தார். பெண்ணின் ஆற்றலைப் போற்றிய கற்பனைக்கும் ஆண்வேடம் வேண்டியிருந்தமை அக்காலச் சமூகத்தின் நிலையை நன்கு உணர்த்துவதாகும்.

ஆறாண்டுகளின் பின், 1885இல், கண்டியிற் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் தோன்றிற்று. ஈழத்துத் தமிழ் நாவல்களுள் முதலாவதெனப் பெரும்பாலோர் கொள்வது இதுவே. அதன் கதை கெய்ரோவிலே தொடங்குகின்றது. எனினும், ஆசிரியர் தம் ஊரை மறந்தாரல்லர். கண்டியில் முஸ்லிம் சிறுமியர்க்கெனப் பாடசாலை நிறுவினார். தம் சகோதரியையே அங்கு ஆசிரியையாக்கினார்.

ஏட்டிலே வேடம் புனைந்து ஆட்சி செய்தாள் ஒருத்தி. கண்டியிலோ வேடமின்றியே கல்வி புகட்டினாள் மற்றொருத்தி. அந்நூற்றாண்டின் பெண்நிலையை அறிய விழைவோர் நாவலோடு பள்ளியையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.