விப்ரோவில் இல்லாத எழுத்து

விப்ரோ என்பதைக் கணினிக்காகவே சூட்டிய பெயராகக் கருதுவோர் பலர். காலவரிசை அதற்கு இடந்தரவில்லை. 1945 டிசம்பரில், மகாராட்டிரத்தின் அமல்நேரில் முகமது ஹாஷம் பிரேம்ஜி தொடங்கிய எண்ணெய் ஆலையின் பெயர் 'வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ்'. வனஸ்பதியும் சலவைச் சோப்பும் அதன் சரக்கு. முதலிரு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளும் இறுதிச் சொல்லின் முதலசையும் சேர்ந்தே விப்ரோ ஆயின. ஆலையின் தொழிலைச் சொன்ன 'வெஜிடபிள்' மட்டும் ஓரெழுத்தும் பெறவில்லை. 1977இல் பெயர் 'விப்ரோ புராடக்ட்ஸ்' என மாறியது ('புராடக்ட்ஸ்' இருமுறை வந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை போலும்!). கணினித் தொழிலில் நிறுவனம் இறங்கியது அதன் பின்னரே. பின்னாளில் அச்சொல்லும் உதிர்ந்தது. எண்ணெய் ஆலையை நம்பிப் பங்கு வாங்கிய அமல்நேர்க் குடும்பங்கள் பல, பிற்காலத்தில் மென்பொருளால் செல்வம் பெற்றன.