பிறையும் தாமரையும்: பக்கத்து அயல்நாட்டின் காசு

விழுப்புரத்துக்காரருக்கும் திண்டிவனத்துக்காரருக்கும் அயல்நாடு என்பது கப்பலேறிச் சேரவேண்டிய இடமாக இருந்ததில்லை. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வண்டி பூட்டிச் சென்றால் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. 1879-இல் விழுப்புரத்திலிருந்து இரயிலும் ஓடத் தொடங்கியது. மொழி அதே தமிழ். கொள்வினை கொடுப்பினையும் அதே ஊர்களுக்குள்தான். வேறொரு அரசின் நிலத்தில் நிற்கிறோம் என்பதை மடியில் முடிந்திருந்த காசு உணர்த்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காசு தன்னைப் பற்றி உண்மை சொல்லவில்லை என்பதே இதில் வேடிக்கை.

1736-இல், துய்மா ஆளுநராக இருந்தபோது, ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் புதுச்சேரியில் ரூபாய் அடிக்க இசைவளித்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். அங்கே அடிக்கப்பட்ட வெள்ளி ரூபாயில் பிரெஞ்சு மன்னரின் பெயர் இல்லை. பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசரின் பெயரும், அடித்த இடமாக ஆர்க்காடும் இருந்தன. புதுச்சேரிச் சரக்கு என்று காட்டியது சிறியதொரு பிறைக்குறி மட்டுமே. ஆங்கிலேயரும் 1742-இல் அதே உரிமையைப் பெற்றுச் சென்னையில் ஆர்க்காட்டு ரூபாய் அடித்தனர். பின்னாளில் அதில் தாமரைக்குறி இடம்பெற்றது. திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் இன்று இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையிலும் ஒரு நாணயச்சாலை இருந்தது. 1750-இல் டூப்ளேயின் கைக்கு வந்த அக்கோட்டையை ஆங்கிலேயர் 1760-இல் தகர்த்தனர்.

ஆக, படிக்கத் தெரிந்தவனுக்குக் காசு பொய் சொல்லிற்று. படிக்கத் தெரியாதவன் அதை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தான். கல்லில் தட்டி ஓசை கேட்டான். விளிம்பை விரலால் தடவி, சுரண்டியிருக்கிறார்களா என்று பார்த்தான். இவ்வறிவைத் தொழிலாக்கிக்கொண்டவர் சராப்பு. அவர் கேட்ட ஓசைக்கும் உழவன் கேட்ட ஓசைக்கும் இடையில் வந்த வேறுபாட்டுக்கு 'வட்டம்' என்று பெயர். அதைக் கொடுத்தவன் எப்போதும் உழவனும் நெசவாளியும்தான்.

சொல்லும் உதவிக்கு வரவில்லை. நம்முடைய 'பணம்' ஆங்கிலேயரிடம் ஃபனமாகவும் பிரெஞ்சுக்காரரிடம் ஃபனோமாகவும் திரிந்தது. சென்னைக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம். 1818-இல் 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வகுத்தபோது, ரூபாய்க்கு 12 பணம் என்றாயிற்று. புதுச்சேரியிலோ 8 பணமே ஒரு ரூபாய். காலையில் விழுப்புரத்தில் சொன்ன அதே சொல்லைப் பிற்பகலில் புதுச்சேரிக் கடைத்தெருவில் சொன்னால், கையில் விழும் வெள்ளியின் கனம் வேறு. அயல்நாடு அவ்விடத்தில்தான் இருந்தது என்பேன்.

செப்புத் துட்டு மட்டும் ஒளிவு மறைவின்றிப் பேசியது. ஒரு பக்கம் பிரெஞ்சு அரசகுலத்தின் அல்லிமலர். மறுபக்கம் தமிழெழுத்தில் 'புதுச்சேரி'. 1836-இல் அடித்ததில் மலரிருந்த இடத்தில் சேவல் நின்றது. அச்சினும் தகடு சிறிதாகையால் பல துட்டுகளில் ஊர்ப்பெயர் பாதி வெட்டுண்டிருக்கும். கீரை வாங்கும் செம்பில் தமிழ், வரி கட்டும் வெள்ளியில் பாரசீகம்! இந்த ஏற்பாட்டைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் கொஞ்சம் வியந்திருக்கலாம்.

நாணயச்சாலை ஓய்ந்தபின் தாள் வந்தது. 1875-இல் நிறுவப்பட்ட இந்தோசீன வங்கி புதுச்சேரிக்கென ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. 1936-இல் வந்த 50 ரூபாய்த் தாளில் டூப்ளேயின் உருவம். தாளைத் தட்டினால் ஓசையில்லை, ஏந்தினால் கனமில்லை. தலைமுறைகளாகச் சேர்ந்த விரலறிவும் செவியறிவும் அதனிடம் செல்லவில்லை; எழுத்தறிந்தவன் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தபின் அத்தாள்கள் செலாவணியிலிருந்து நீங்கின.

பழங்காசு வணிகர்கள் இன்று பிறை ரூபாயையும் அல்லித் துட்டையும் நெகிழி உறையிலிட்டுக் காட்டுகிறார்கள். கையில் எடுத்துப் பார்க்கக் கேட்டால் தயங்குகிறார்கள். விரல் பட்டால் விலை குறைந்துவிடுமாம்.