தொண்டர் என்னும் பெயர்

கிராமச் சுகாதாரத் தொண்டரைப் பற்றிப் பேசும்போது அவரது தியாகத்தைப் புகழ்ந்துரைப்பது நம் சபைகளின் வழக்கம். அவர் எத்தகைய குடும்பத்தினின்று வந்தவர், எதைக்கொண்டு பிழைத்தார் என்று நாம் கேட்பது அரிது.

1977 அக்டோபர் 2ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி, ஆயிரம் பேருக்கு ஒருவர் வீதம் கிராமத்தாரே தெரிந்தெடுக்க வேண்டும். ஆறாம் வகுப்பேனும் படித்திருத்தல் வேண்டும். மூன்று மாதப் பயிற்சிக்குப்பின் மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். ‘கிராமத்தார்’ என்பது நடைமுறையில் ஊர்ப் பெரியதனக்காரரையே பெரும்பாலும் குறித்தது. ஆகவே தெரிந்தெடுக்கப்பட்டோரில் மிகுதியானோர் ஆடவர். படித்து வேலையின்றி இருந்தோர் பலர். பேறுகாலத்துப் பெண்ணிடம் அவர்கள் என்ன பேச இயலும்? அந்த 50 ரூபாயை அரசு வேலைக்கு முதற்படியென அவர்கள் கருதியதில் வியப்பில்லை. சங்கம் அமைத்து ஊதியம் கேட்டனர். அரசோ ‘ஊழியர்’ என்னும் முதற்பெயரைத் ‘தொண்டர்’ என்றும், 1981இல் ‘வழிகாட்டி’ என்றும் மாற்றிற்று. பெயர் மாறியதேயன்றித் தொகை மாறவில்லை.

இத்திட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்னரே மகாராஷ்டிரத்து ஜாம்கேடில் வேறொரு வழி காணப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர் 1970இல் அங்கே பணி தொடங்கினர். முதலில் துணைச் செவிலியரைக் கிராமங்களில் அமர்த்திப் பார்த்தனர், அது பலிக்கவில்லை. பின்னரே அந்தந்த ஊர்ப் பெண்களை நாடினர். அவர்களுள் எழுத்தறியாதோர் பலர். தாழ்த்தப்பட்ட சாதியினரும் கணவனால் கைவிடப்பட்டோரும் இருந்தனர். வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து, பல சாதியினரும் ஒன்றாக உண்டு, ஒரே கூடத்தில் உறங்கிக் கற்றனர். மேல்சாதியார் வாசலை மிதிக்க இயலாதிருந்தவள் நாளடைவில் அவ்வீட்டுப் பிரசவத்துக்கே அழைக்கப்பட்டாள். இங்கும் முழுச் சம்பளம் இல்லை என்பதை நாம் மறைத்தல் ஆகாது. ஆனால் சிறுதொழிலுக்குக் கடனுதவி கிடைத்தது. அவள் பிழைப்பும் பணியின் ஒரு பகுதியாக எண்ணப்பட்டது. புகழுரைகளில் விடுபட்டுப்போவது இதுவே.

2005இல் வந்த ‘ஆஷா’ திட்டம் பெண்களையே தெரிந்தெடுத்தது. ஜாம்கேடின் பாடத்தில் இவ்வளவு ஏற்கப்பட்டது. ஆயினும் ஏட்டில் அவர்களும் தொண்டரே. பிரசவத்துக்கு ஒருத்தியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் இவ்வளவு, குழந்தைக்குத் தடுப்பூசிகள் முடிந்தால் இவ்வளவு என ஊக்கத்தொகை. நள்ளிரவில் உடன்சென்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விடியுமட்டும் காத்திருக்கும் நேரத்துக்குக் கணக்கில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களைப் பாராட்டி விருதளித்தது. அதே ஆண்டில் அவர்களுட் பலர் மாதச் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றனர்.