ஆறு ரன்னும் ஆரோமலேயும்

மைசூரில் வேலை பார்க்கும் தமிழன் ரஞ்சி சீசனில் எந்த அணிக்குக் கை தட்டுவது? சிரிக்காதீங்க, லேசான கேள்வி இல்லை இது. எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. பி.காம். முடித்து, வங்கிப் பரீட்சை எழுதி இங்கே வந்து சேர்ந்தவன். மகளோ பிறந்ததே மைசூரில். அவளுக்கு கர்நாடகாதான் "நம்ம டீம்". எனக்கு? அதற்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

மெட்ராஸ் - மைசூர் போட்டி ரஞ்சிக் கோப்பை பிறந்த நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டமே இந்த இரண்டு அணிகளுக்கும்தான். ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, மெட்ராஸ் இன்னிங்ஸ் வெற்றி. ஒரே நாளில் கதை முடிந்தது! அதன்பின் மைசூர் அணி 1941-42, 1959-60 என இரண்டு முறை இறுதிக்குப் போய், இரண்டு முறையும் பம்பாயிடம் தோற்றது. 1973 நவம்பரில் மாநிலத்தின் பெயர் கர்நாடகா என்று மாறியது. அந்த சீசனிலேயே பிரசன்னா தலைமையில் அரையிறுதியில் பம்பாயை மடக்கி, இறுதியில் ராஜஸ்தானை வென்று முதல் கோப்பை வந்தது. பம்பாய் அதற்கு முன் தொடர்ந்து 15 வருடம் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மைசூர் என்ற பெயரில் கோப்பை வரவே இல்லை. மைசூர் ஊரிலாவது வருமா? அந்த வாய்ப்பு 2010 ஜனவரியில் வந்தது. மானசகங்கோத்ரி வளாகத்தில் சுற்றிலும் மரங்கள் நிற்கும் கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானம். ஜனவரி 11 முதல் மும்பையோடு இறுதி ஆட்டம்.

அந்த மாதத்தை நினைத்தாலே எனக்குக் காதில் முதலில் கேட்பது பாட்டுதான். "விண்ணைத்தாண்டி வருவாயா" பாடல்கள் 2009 டிசம்பரில் லண்டனில் வெளியாகியிருந்தன. படம் வந்தது பிப்ரவரி 26-ல்தான். அதற்குள் பாட்டெல்லாம் மனப்பாடம். ஹோசானா, மன்னிப்பாயா, ஓமணப் பெண்ணே... அல்போன்ஸ் ஜோசப் பாடிய ஆரோமலேயில் வரிகள் மலையாளம். தமிழ்ப் படத்தில் மலையாளப் பாட்டு என்று யாராவது குறை சொன்னோமா? புரிந்த பாதி, புரியாத பாதி என்று பாடிக்கொண்டே திரிந்தோம். ஜனவரி 31-ல் ரகுமான் இரண்டு கிராமி வாங்கினார். பையா, அங்காடித் தெரு, மதராசபட்டினம், எந்திரன், மைனா என்று அந்த வருடம் முழுக்க விருந்துதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே காவிரி சூடாகும் நாட்களில் எங்கள் வீட்டில் தமிழ்ப் பாட்டின் சத்தம் தானாகக் குறையும். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகப் போகும். 1991 டிசம்பர் கலவரத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பழக்கம். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தபோது நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் 2010 ஜனவரி அப்படி இல்லை. அதற்கு ஐந்து மாதம் முன்புதான், 2009 ஆகஸ்டில், பல வருடம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை பெங்களூரில் திறக்கப்பட்டது. பதிலுக்குச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. காற்றில் ஒரு இதம் இருந்த காலம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மும்பை 233. கர்நாடகா 130-க்குச் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் அபிமன்யு மிதுன் 6 விக்கெட் எடுத்தும், மும்பையின் பந்துவீச்சாளர் தவல் குல்கர்னி 87 அடித்துவிட்டார். மும்பை 234. கர்நாடகாவுக்கு இலக்கு 338.

நான்காம் நாள் ஜனவரி 14, பொங்கல். காலையிலேயே பொங்கல் வைத்து இறக்கிவிட்டு மைதானத்துக்கு ஓடினேன். கிளை விட்ட மரத்தில் எல்லாம் ஆள். கூட வந்த கன்னட நண்பர், வங்கியில் எனக்கு சீனியர், சங்கராந்திக்கு எள்ளு-பெல்லா பொட்டலம் நீட்டினார். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதையே பேசு என்பது இந்த ஊர் வழக்கம். இடைவேளையில் என் இயர்போனில் ஒரு பக்கத்தை வாங்கி ஹோசானா கேட்டார். "இது யாருடைய மியூசிக் மாராயா?" என்று கேட்டு, அன்று மாலையே ப்ளூடூத்தில் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார் :-)

மணீஷ் பாண்டே 144, கணேஷ் சதீஷ் 75. இருவரும் சேர்ந்து 200-க்கு மேல் அடித்தபோது கோப்பை கைக்கு வந்தது மாதிரியே இருந்தது. அப்புறம் அகர்கர் வந்து 5 விக்கெட். 331-ல் எல்லாம் முடிந்தது. ஆறே ரன்! மும்பைக்கு 39-வது கோப்பை. அத்தனை பெரிய கூட்டம் அப்படி வாயடைத்துப் போனதை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தபோதுதான் நான் யார் பக்கம் என்று எனக்கே தெரிந்தது.

அந்தத் தோல்வி வீண் போகவில்லை. வினய் குமார், மிதுன், பாண்டே, உத்தப்பா... அன்று தோற்றவர்களே 2013-14, 2014-15 என அடுத்தடுத்து கோப்பை கொண்டுவந்தார்கள். 2015 மார்ச்சில் வான்கடேயில் எதிரணி யார்? தமிழ்நாடு! கருண் நாயர் 328 அடித்தார். இன்னிங்ஸ் தோல்வி. அன்று வீட்டில் நான் பாதிப் பேச்சுதான் பேசினேன்.

இனி வரும் சீசன்களுக்கு என் கணக்கு இதுதான். பேட்டிங் கவலை இல்லை. மயங்க், படிக்கல் இருக்கிறார்கள். ஸ்மரண் 2025 ஜனவரியில் பஞ்சாபுக்கு எதிராக 203 அடித்த பையன். விதர்பாவுக்குப் போய் 2024-25 கோப்பையை வென்ற கருண் நாயர் 2025-26-ல் திரும்பி வந்தார். கவலை வேகப்பந்தில். வினய், மிதுன், அரவிந்த் மூவரும் வருடக்கணக்கில் சேர்ந்தே வீசினார்கள். அப்படி ஒரு கூட்டு அமையாமல், பிரசித் கிருஷ்ணா மாதிரி ஒருவரை இந்திய அணி அழைத்ததும் ஓட்டை விழுந்தால், கோப்பை கஷ்டம்தான்.

பெயர்களைக் கவனித்தீர்களா? பாண்டே நைனிடாலில் பிறந்த ராணுவ வீட்டுப் பிள்ளை. கருண் ஜோத்பூரில் பிறந்த மலையாளி. திராவிட் பிறந்தது இந்தூர். மைசூர்க்காரர்கள் கொண்டாடிய அணியில் பாதிப் பேர் நம்மைப் போல வந்து சேர்ந்தவர்கள்தான். இங்கிருந்து விதர்பா போன கணேஷ் சதீஷ் அங்கே இரண்டு கோப்பை ஜெயித்தார். பிறந்த ஊரை யாரும் கேட்கவில்லை.

2025 ஆகஸ்டில் மகாராஜா கோப்பை டி20 முழுவதும் இதே மைதானத்தில் நடந்தது. மைசூர் வாரியர்ஸ் கேப்டன் யார் தெரியுமா? அதே மணீஷ் பாண்டே. அந்த ஜூனில் பெங்களூர் நெரிசலில் 11 பேர் இறந்திருந்ததால், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. வெளியே மரங்கள் மட்டும் நின்றன.

என் மகளுக்குத் தமிழ்நாடு - கர்நாடகா ஆட்டம் வந்தால் குழப்பமே இல்லை. கர்நாடகா ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே மன்னிப்பாயா பாடுகிறாள், நல்ல சத்தமாக. நான் குறைக்கச் சொல்வதில்லை.

உங்க ஊரில் எப்படி? சிட்னியோ, சிங்கப்பூரோ, டொராண்டோவோ... பிள்ளைகள் எந்த அணி, நீங்கள் எந்த அணி?