ராசம்மா என்கிற ருக்மணி தேவி



உடையார்கட்டில் ஒரு வகுப்பில் முதல் சிங்களப் பேசும் படத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "அது அவங்கட கதைதானே சேர், எங்களுக்கு எதுக்கு?" பிள்ளையில் பிழையில்லை. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

1923 ஜனவரி 15இல் நுவரெலியா மாவட்டத்தின் இறம்பொடையில், கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். பெண்பிள்ளை மேடையேறினால் ஊர் வாய் மூடாத காலம் அது. ஆனாலும் சிறு வயதிலேயே ராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தார். பாட்டும் இசைத்தட்டில் வந்தது. ருக்மணி தேவி என்ற மேடைப் பெயரே நிலைத்தது.

பின்னர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நீர்கொழும்பில் நடத்திய மினர்வா நாடகக் குழுவில் சேர்ந்தார். அவருடைய சகோதரர் எடி ஜயமான்னவை மணந்தார். அந்தக் குழுவின் நாடகமொன்றே 'கடவுனு பொரொந்துவ' என்ற படமானது. 'உடைந்த வாக்குறுதி' என்பது அதன் பொருள். 1947 ஜனவரி 21இல் கொழும்பு கிங்ஸ்லி தியேட்டரில் அது திரையிடப்பட்டது. ருக்மணிதான் கதாநாயகி.

இனிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கதையும் குழுவும் சிங்களவருடையவை. பணம் போட்டவர் மதுரைத் தமிழர் எஸ். எம். நாயகம். இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். படம் பிடித்தது மதுரை சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். நாயகி நம் ராசம்மா. அதே ஆண்டு வந்த 'அசோகமாலா' படத்துக்கு இசை முகம்மது கௌஸ். அதில் பாடிய மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்த முஸ்லிம். அவருடைய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் நாட்களில் ஒலிக்கின்றன.

இதைச் சொல்வது சிங்களவரின் சினிமாவைப் பறித்து நம் பையில் போடுவதற்கல்ல. ஒரு மொழியின் கலையைக் கட்டியெழுப்பப் பல வீட்டுப் பிள்ளைகள் உழைத்தார்கள் என்பதற்காக. "அவங்கட", "எங்கட" என்று பிரித்துப் பிரித்தே இந்த நாடு எதையெல்லாம் இழந்தது என்பது வன்னி மண்ணில் நிற்கும் நமக்குத் தெரியாததா?

1978 ஒக்டோபர் 28. மாத்தறையில் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டு வீடு திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அருகே துடெல்லையில் நடந்த வாகன விபத்தில் ருக்மணி தேவி இறந்தார். வயது 55. கடைசி இரவு வரை மேடையை விடவில்லை.

அடுத்த தவணை அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லப்போகும் பதில் இதுதான்: அது அவங்கட கதையும்தான், எங்கட கதையும்தான் மகள்.